பூ என்று ஒரு கரடி

படத்தோட பேரைச் சொன்னதும் அப்பாயி கேட்டது இதுதான்: "பூவா? பூவுக்கு எதுக்குடா ரத்தம்?"

பூ என்பது ஒரு கரடியோட பேர், அது வெள்ளைக்காரப் பிள்ளைகளின் கதையில் வருகிற தேன் குடிக்கிற கரடி, அதைத்தான் இப்போது கொலைகாரனாக்கிப் படம் எடுத்திருக்கிறார்கள் என்று விளக்கி முடிக்கவே பத்து நிமிஷம் ஆச்சு. "கரடின்னா கடிக்கத்தானே செய்யும், அதுல என்னா கதை" என்று வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். நியாயம்தான்.

மே மாதக் கடைசி. நோட்டன் பிரிட்ஜில் அந்த நாட்களில் மழை என்றால் மழை. நீர்த்தேக்கத்தின் வான்கதவைத் திறந்துவிட்டார்கள் என்று டவுனில் பேச்சு. மலையில் அரைப்பேரோடு வேலையை நிறுத்திவிட்டு எல்லாரும் லயத்துக்கு வந்துவிட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் ஸ்டடி லீவில் வந்திருந்தோம். ஒரே தோட்டம், ஒரே லயம், இப்போது ஒரே கெம்பஸில் கலைப்பீடம். படிக்க வந்தோம் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தோம். மூன்றாம் நாள் பென் டிரைவில் இருந்த 'வின்னி த பூ: பிளட் அண்ட் ஹனி'யைத் திறந்துவிட்டோம்.

தொங்கல் காம்பராவில் லெப்டொப்பைத் தகரப் பெட்டிக்கு மேலே வைத்தோம். மூன்று பேர் பார்க்க வேண்டிய படத்துக்குப் பதினோரு பேர் வந்து உட்கார்ந்தார்கள். சின்னப் பிள்ளைகளை வெளியே அனுப்பினோம். அவர்கள் இஸ்தோப்பு ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. இனி எழுதப் போவது அந்தப் பதினோரு பேரும் சொன்னதை. விமர்சகர்கள் சொன்னதை நீங்கள் ஏற்கெனவே படித்திருப்பீர்கள்.

படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக. ஏ. ஏ. மில்ன் தன் மகன் கிறிஸ்டோபர் ரொபினின் விளையாட்டுப் பொம்மைகளை வைத்து 1926இல் எழுதின புத்தகம் 'வின்னி த பூ'. அமெரிக்காவில் அதன் பதிப்புரிமை காலாவதியாகி 2022 ஜனவரி 1ஆம் திகதி புத்தகம் பொதுச்சொத்து ஆனது. இனி யாரும் யாரிடமும் கேட்காமல் அந்தக் கரடியை எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டவர் ரைஸ் ஃபிரேக்-வோட்டர்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் இயக்குநர். செலவு ஒரு லட்சம் டொலருக்கும் குறைவு. 2023 ஆரம்பத்தில் தியேட்டருக்கு வந்து 50 லட்சம் டொலருக்கு மேல் அள்ளியது. அடுத்த வருசம் மோசமான படங்களுக்குக் கொடுக்கிற ரஸி விருதில், மோசமான படம், மோசமான இயக்கம், மோசமான திரைக்கதை உட்பட ஐந்தையும் அதுவே வாங்கியது. விருது வாங்கினவர்கள் இரண்டாம் பாகமும் எடுத்துவிட்டார்கள். பிறகு பீட்டர் பேன், பாம்பி என்று வரிசையாகக் கிளம்பிவிட்டார்கள். சிண்ட்ரெல்லாவையும் வேறொருவர் 2024இல் பேய்ப் படம் ஆக்கிவிட்டார். பாட்டி சொன்ன கதைகள் எல்லாம் கத்தி எடுத்துக்கொண்டு அலைகிற காலம் இது.

படம் கோட்டோவியத்தோடு தொடங்குகிறது. காட்டுக்குள் ஒரு சின்னப் பையன் பாதி மிருகம் பாதி மனிதன் மாதிரி சில உயிர்களைச் சந்திக்கிறான். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான், விளையாடுகிறான். வளர்ந்ததும் கல்லூரிக்குப் படிக்கப் போய்விடுகிறான். குளிர்காலம் வருகிறது, சாப்பாடு இல்லை. பசி தாங்காமல் தங்களில் ஒருத்தனான ஈயோர் என்ற கழுதையை அடித்துத் தின்கிறார்கள். அதோடு மனிதர்களை வெறுத்து, இனிப் பேசவே மாட்டோம் என்று சத்தியம் செய்கிறார்கள். ஐந்து வருசம் கழித்து அந்தப் பையன் கட்டிக்கப் போகிற பெண்ணோடு திரும்பி வருகிறான்.

இந்த முதல் சில நிமிஷம் நன்றாகத்தான் இருந்தது. காம்பராவில் ஒரு சத்தம் இல்லை. அதற்குப் பிறகுதான் வினை.

முதல் கருத்து இஸ்தோப்பில் இருந்து வந்தது. ஏழாம் ஆண்டு படிக்கிற தம்பி: "அண்ணே, இது மூஞ்சி இல்ல, ரப்பர்." கரடி வாயைத் திறக்காது, கண்ணைச் சிமிட்டாது. கரடித் தலை மாட்டிக்கொண்டு, தடித்த சட்டை போட்டு நடக்கிற ஒரு ஆள். பன்றிக் குட்டி பிக்லெட் கையில் சம்மட்டி. இருட்டில் பாதி தெரியவே இல்லை. லெப்டொப் வெளிச்சத்தைக் கூட்டு கூட்டு என்று கத்தினார்கள், கூட்டியும் தெரியவில்லை. பயப்பட வேண்டிய இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். கரடி காரை எடுத்து ஓட்டுகிற இடத்தில் சிரிப்பு உச்சத்துக்குப் போனது. "லைசன்ஸ் எங்க எடுத்துச்சாம், ஹட்டன்லயா?"

காசு இல்லாததால்தான் இப்படி என்று எங்களில் ஒருத்தர் படத்துக்காகப் பேசினார். அதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. 1978இல் ஜோன் கார்பென்டர் எடுத்த 'ஹலோவீன்' படமும் சின்னப் பட்ஜெட்தான். அதில் கொலைகாரன் போடுகிற முகமூடி கடையில் இரண்டு டொலருக்குள் வாங்கினது. 'ஸ்டார் ட்ரெக்' கெப்டன் கேர்க் முகமூடி, அதற்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தார்கள், அவ்வளவுதான். இன்றைக்கும் அந்த முகம் இருட்டில் வந்து நின்றால் முதுகு சில்லென்கிறது. ஏனென்றால் அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. எதையாவது நாமே நினைத்துக்கொள்ள வேண்டும். பூவின் ரப்பர் முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதுவும் யோசித்துச் செய்திருந்தால் பயங்கரமாக இருந்திருக்கும். யோசிக்கவில்லை. அதே 1978இல் நம்ம பாரதிராஜா 'சிகப்பு ரோஜாக்கள்' எடுத்தார். அதில் முகமூடியே இல்லை. கமலின் அழகான முகம்தான் முகமூடி. ஆகவே காசைக் காரணம் சொல்லாதீங்க.

இந்தப் படத்தைப் பற்றி உலகம் முழுக்கச் சொன்ன இன்னொரு குற்றச்சாட்டு, எங்கள் குழந்தைப் பருவத்தை நாசமாக்கிவிட்டார்கள் என்பது. இது எங்களுக்கு ஒட்டவே இல்லை. எங்களுக்கு எங்கே பூ இருந்தது? யாரும் எங்களுக்கு அந்தப் புத்தகத்தை வாசித்துக் காட்டவில்லை. குவைத்தில் இருந்து சித்தி கொண்டுவந்த மஞ்சள் போர்வையில் சிவப்புச் சட்டை போட்ட ஒரு கரடி இருந்தது. அதுதான் நாங்கள் பார்த்த பூ. சிவப்புச் சட்டை போட்ட அந்தக் கரடி டிஸ்னி கம்பனியோடது, அதை இந்தப் படத்தில் காட்ட முடியாது என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. போர்வைக்குள்ளே மூன்று பிள்ளைகள் படுப்போம். கரடி எப்போதும் நடுவில் படுக்கிறவனுக்கு.

குழந்தைக் கதை என்றால் சுத்தமாக இருக்கும் என்று யார் சொன்னது? பெரோ 1697இல் பிரெஞ்சில் எழுதின சிவப்புத் தொப்பிக்காரியின் கதை, ஓநாய் அவளைத் தின்பதோடு முடிகிறது. வேட்டைக்காரன் வந்து வயிற்றைக் கிழித்துக் காப்பாற்றுவது 1812இல் கிரிம் சகோதரர்கள் போட்ட தொகுப்பில்தான். அதே கிரிம் சகோதரர்களின் சிண்ட்ரெல்லாவில் செருப்புக்குள் கால் போகவேண்டும் என்று ஒரு அக்கா பெருவிரலை வெட்டுகிறாள், இன்னொருத்தி குதிகாலை வெட்டுகிறாள், கடைசியில் புறாக்கள் வந்து இரண்டு பேரின் கண்ணையும் கொத்துகின்றன. இதைவிடவா பூ?

எங்களுக்கும் அப்படித்தான். அப்பாயி எங்களைத் தூங்கவைக்கச் சொன்ன கதை நல்லதங்காள். பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் வேட்டைக்குப் போயிருக்கிறான். அண்ணிக்காரி மூளியலங்காரி சோறு போடவில்லை. ஏழு பிள்ளைகளையும் ஒவ்வொன்றாகக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் குதிக்கிறாள். இதைக் கேட்டுத்தான் நாங்கள் தூங்கினோம். தூங்கினோமா என்பது வேறு கதை.

அதனால்தானோ என்னமோ, அன்றைக்குச் சிரிக்காத ஒரே ஆள் அப்பாயி. ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது, நாங்கள் இடையிடையே சொன்னதுதான். கழுதையைத் தின்கிற இடத்தில் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார். படம் முடிந்தபிறகு கேட்டோம், எப்படி அப்பாயி படம்?

"பசில கூடப் பொறந்தத தின்னுருச்சுங்க. அதுக்கப்புறம் என்னா பேச்சு வரும்? நல்லதங்காளும் அப்படித்தானே. அண்ணன் வீட்ல இல்ல. இருந்திருந்தா அவ ஏன் கெணத்துக்குப் போறா?"

பேசாமல் இருப்பது வெறுப்பால் என்று படம் சொல்கிறது. அப்பாயி அதை வெட்கம் என்றார். படத்தை எடுத்தவருக்கு இந்த யோசனை வந்திருந்தால் ரஸி விருது கிடைத்திருக்காது என்று எங்களுக்குத் தோன்றியது.

அப்புறம் பெண்பிள்ளைகள் சொன்னது. இதைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுத வேண்டும், ஏனென்றால் அன்றைக்கு ஆண்பிள்ளைகள் இதைக் காதில் வாங்கவில்லை. கிறிஸ்டோபர் ரொபினைப் பிடித்துக் கட்டி வைத்த பிறகு படம் அவனை மறந்துவிடுகிறது. ஓய்வெடுக்கக் காட்டுப் பக்கத்தில் வீடு வாடகைக்கு எடுத்த ஒரு பெண்கள் கூட்டம் வருகிறது. அவர்களுக்கும் கரடிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒவ்வொருத்தியாகச் சாகிறார்கள். ஒருத்தி நீச்சல் உடையோடு, இன்னொருத்தியின் சட்டையைக் கிழித்து. எங்களில் ஒருத்தி கேட்டாள்: "கோவம் அவன் மேல. செத்தது எல்லாம் இவளுக. ஏன்?"

இந்த வகைப் படங்களில் கடைசியில் ஒரு பெண் தப்புவாள். கெரல் குளோவர் என்ற ஆய்வாளர் அவளுக்குக் 'கடைசிப் பெண்' என்றே பேர் வைத்து, 1992இல் வந்த தன் புத்தகத்தில் விரிவாக எழுதினார். அவள் திருப்பி அடிப்பாள், பார்க்கிறவர்கள் அவள் பக்கம் சாய்வார்கள். இந்தப் படத்தில் மரியா என்ற பெண்ணுக்கு அந்த இடம் கொடுத்ததுபோலக் காட்டுகிறார்கள். ஏற்கெனவே ஒருத்தன் பின்தொடர்ந்து வந்து பயமுறுத்தினதில் மனசு உடைந்தவள். அவளையும் கடைசியில் கழுத்தை அறுத்துப் போட்டுவிடுகிறார்கள். கிறிஸ்டோபர் ரொபின் கெஞ்சிப் பார்க்கிறான், நடக்கவில்லை, ஓடித் தப்பிக்கிறான். விட்டுவிட்டுப் போனவன் உயிரோடு, ஒன்றும் அறியாதவள் பிணம். இதில் ஏதாவது பொருள் இருக்கிறதென்று சொல்ல வருகிறவர்களுக்கு, இல்லை. இயக்குநர் அதைக் கவனிக்கவே இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் நாங்கள் ரொம்பவும் நல்லவர்கள் மாதிரிப் பேசவும் முடியாது. படம் ஓடும்போது இடையில் கரண்ட் போச்சு. லெப்டொப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்க, வெளியே இருட்டில் மழை. யாரோ சின்ன வயசுப் பிளேன் பேய்க் கதையை எடுத்தார்கள். நோட்டன்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1974 டிசம்பர் 4ஆம் திகதி, இந்தோனேசியாவில் இருந்து மக்காவுக்குப் போக வந்த ஹஜ் யாத்திரிகர்களோடு மார்டின்எயார் விமானம் ஏழு கன்னி மலையில் மோதியது. 191 பேர். ஒருத்தரும் தப்பவில்லை. எங்கள் சின்ன வயசில் அந்த மலைப் பக்கம் மேகம் மூடினால், வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் இறங்கி வருகிறார்கள் என்று ஒருத்தரை ஒருத்தர் பயமுறுத்துவோம். வெள்ளை உடுப்பு என்று எங்களுக்கு யார் சொன்னார்களோ. கடவுளைத் தேடிப் போன 191 பேரை நாங்கள் சாயங்கால விளையாட்டுக்குப் பேயாக்கி வைத்திருந்தோம். ஒரு டொலரும் செலவழிக்கவில்லை. அந்த இங்கிலாந்துக்காரர் கரடியைத்தான் கெடுத்தார்.

மிருகம் என்று பார்த்தாலும் அப்படித்தான். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்சபான தோட்டத்தில் கம்பிச் சுருக்கில் மாட்டின கருஞ்சிறுத்தையை எல்லாரும் போனில் பார்த்தோம். சில நாட்களில் செத்துப்போனது. எங்கள் காட்டில் மிருகம்தான் மனிதர்களிடம் மாட்டிக்கொள்கிறது.

இப்போது சொல்ல வேண்டிய கருத்துக்கு வருகிறோம். இதை எழுதலாமா என்று மூன்று பேருக்கும் சண்டையே வந்தது.

அன்றைக்கு வந்திருந்தவர்களில் எங்கள் செட் நண்பன் ஒருத்தன். ஓ.எல் வரை நான்கு பேரும் ஒரே பெஞ்ச். ஏ.எல் முடிந்து ரிசல்ட் வந்தபோது எங்கள் மூன்று பேருக்கும் இசட் ஸ்கோர் கிடைத்தது, அவனுக்கு ஒரு மயிரிழையில் தவறியது. இரண்டாம் தடவை எடுடா என்றோம். அப்பாவுக்குச் சுகமில்லை, கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அந்த வாரம் லீவில் வந்திருந்தான். படம் முழுக்க வாசற்படியில் சாய்ந்துகொண்டு ஒன்றும் சொல்லாமல் பார்த்தான்.

கடைசிக் காட்சியில் பூ ஒரே ஒரு தடவை பேசுகிறது. அத்தனை கொலையும் செய்த பிறகு, கிறிஸ்டோபர் ரொபினைப் பார்த்து, நீ விட்டுட்டுப் போனாய் என்ற அளவில் ஒரு பேச்சு. எங்களில் ஒருத்தர் கிண்டலாக, "இதுக்குத்தானா இவ்வளவு பில்டப்பு, ஒருத்தன் படிக்கப் போனது தப்பா?" என்றார்.

அவன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "படிக்கப் போனது தப்பில்ல. போய் அஞ்சு வருசம் ஒரு தடவ வந்து பாத்தானா? சாப்பிட்டீங்களான்னு கேட்டானா? கல்யாணம் கட்டப் போறப்ப மட்டும் காட்டுறதுக்குக் கூட்டிட்டு வர்றான். அவன்தான் வில்லன். கரடிக்குப் படம் எடுக்கத் தெரியல, அதான் கரடிய வில்லனா காட்டிட்டாங்க."

யாரும் சிரிக்கவில்லை. மழைச் சத்தம் மட்டும்.

எங்களுக்கு உடனே கணக்கு ஓடியது. கெம்பஸ் போய் இரண்டு வருசம். அவனுக்கு எத்தனை தடவை கோல் எடுத்தோம்? முதல் மாசம் நாலைந்து தடவை. பிறகு தீபாவளிக்கு ஒன்று. அவன் அப்பா தவறினபோது எங்களுக்குப் பரீட்சை. ஒருத்தரும் வரவில்லை. பரீட்சை என்பது உண்மைதான். பரீட்சை முடிந்த பிறகு வந்த இரண்டு வார லீவில் திருகோணமலைக்கு ட்ரிப் போனதும் உண்மைதான். அந்தப் போட்டோவுக்கு அவன் லைக் போட்டிருந்தான்.

பதில் சொன்னது நாங்கள் இல்லை, சித்தி. குவைத்தில் ஏழு வருசம் இருந்து வந்தவர். மகளை மூன்று வயசில் அம்மாச்சியிடம் விட்டுவிட்டுப் போய், பத்து வயசில் வந்து பார்த்தவர். "விட்டுட்டுப் போறவுக எல்லாம் சந்தோசமாவா போறாக தம்பி? அவனுக்கும் அங்க என்னா பாடோ. படத்துல அதக் காட்டல" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மஞ்சள் போர்வை இப்போதும் அவர்கள் வீட்டில் இருக்கிறது. கரடி நிறம் போய் வெளுத்துவிட்டது.

உண்மையான கிறிஸ்டோபர் ரொபினைப் பற்றிப் பிறகு படித்தோம். மில்னின் மகன், தன் பேரிலேயே வந்த அந்தப் புத்தகங்கள் தன் மேல் ஏற்றிவைத்த புகழை வெறுத்தார். ஸ்கூலில் அதைச் சொல்லியே பையன்கள் கிண்டல் பண்ணினார்களாம். பெரியவராகிப் புத்தகக் கடை வைத்துப் பிழைத்தார். அந்தப் பொம்மைகள் அவரிடம் இல்லை, நியூயோர்க் பொது நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. விட்டுட்டுப் போனவருக்கும் ஒரு கதை இருந்திருக்கிறது. சித்தி படிக்காமலே சொன்னது.

ஆனால் இதை நண்பனிடம் போய்ச் சொன்னால் அது சமாளிப்பாகத்தான் இருக்கும். நாங்கள் குவைத்துக்கும் போகவில்லை, எங்களை யாரும் ஸ்கூலில் கிண்டலும் பண்ணவில்லை. பஸ்ஸில் ஏறினால் அரை நாளுக்குள் வந்துவிடக்கூடிய தூரம்.

படத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்பீங்க. பத்துக்கு இரண்டு. அந்த இரண்டும் முதல் கோட்டோவியத்துக்கும் கடைசிப் பேச்சுக்கும். நடுவில் உள்ளது வீண். இரண்டாம் பாகத்துக்குக் கூடக் காசு போட்டிருக்கிறார்கள், விமர்சகர்களும் அதைக் கொஞ்சம் மரியாதையாகத்தான் பேசினார்கள். நாங்கள் இன்னும் பார்க்கவில்லை, பென் டிரைவ் அவனிடம் இருக்கிறது. அடுத்த நாள் விடிய முதல் பஸ்ஸில் போகும்போது, கொழும்பில் இரண்டாம் பாகத்தைப் போட்டுத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனான்.

இந்தக் கட்டுரையை எழுதும்போது ஒரு கேள்வி வந்தது. முதல் வரியில் இருந்து 'நாங்கள்' என்று எழுதிக்கொண்டு வருகிறோம். அந்த நாங்களில் அவன் இருக்கிறானா? ஒருத்தி, ஆமா, இருக்கான் என்றாள். மற்ற இருவரும் வட்ஸ்அப்பைத் திறந்து பார்த்தோம். எங்கள் குரூப்பின் பேர் 'நோட்டன் கெம்பஸ் செட்'. இரண்டு வருசமாக அதில் மூன்று பேர்தான்.

அவனைச் சேர்த்துவிட்டோம். ஒரு தம்ஸ் அப் போட்டான். குரூப் பேரை மாற்ற வேண்டும் என்று பேசி முடிவெடுத்து இன்றைக்கு ஒன்பது நாள். அட்மின் இன்னும் மாற்றவில்லை.